வைத்தது வைத்தபடி

விண்டோஸ் 98 டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்ததும் கை எங்கே போகிறது என்று பார்த்தே ஒருவர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். ‘ஆட்டோ அரேஞ்ச்’சில் டிக் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஒரு கட்சி. அந்த டிக்கை எடுத்துவிட்டு, ஐகான்களை ஒவ்வொன்றாக இழுத்து வைத்து, கடைசியில் ‘லைன் அப் ஐகான்ஸ்’ ஒரு தட்டு தட்டுபவர்கள் மற்றொரு கட்சி. நான் இரண்டாவது கட்சிக்காரன். ஆட்டோ அரேஞ்ச் எல்லாவற்றையும் இடது மூலைக்கு இழுத்துப்போய் அடைத்துவிடும். நடுவில் ஒரு ஃபைலை அழித்தால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் ஒரு இடம் முன்னால் நகரும். லைன் அப் அப்படிச் செய்யாது. நாம் வைத்த இடத்துக்கு மிக அருகில் எந்தக் கட்டம் இருக்கிறதோ அதில் உட்காரவைக்கும், அவ்வளவுதான். இடைவெளி விட்டிருந்தால் அந்த இடைவெளி இருக்கும்.

ஆனால் லைன் அப்புக்கு நினைவு கிடையாது. வரிசை ஒருமுறை கலைந்துவிட்டால் கலைந்ததைத்தான் அதனால் நேராக்க முடியும். அங்கேதான் என் அபிமான ஆள் வருகிறார்: லேஅவுட்.டிஎல்எல். 1996இல் வந்த விண்டோஸ் என்டி 4.0க்கான ரிசோர்ஸ் கிட்டில் பெரிய பெரிய நிர்வாகக் கருவிகளுக்கு நடுவே ஒரு ஓரமாகக் கிடந்த சின்ன ஃபைல். அதோடு ஒரு ரெக் ஃபைல். டிஎல்எல்லை சிஸ்டம் ஃபோல்டரில் போட்டு, ரெக் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் வேலை முடிந்தது. ‘மை கம்ப்யூட்டர்’ மேல் ரைட் கிளிக் செய்தால் புதிதாக இரண்டு வரி: ‘சேவ் டெஸ்க்டாப் ஐகான் லேஅவுட்’, ‘ரிஸ்டோர் டெஸ்க்டாப் ஐகான் லேஅவுட்’. விண்டோ கிடையாது, ஆப்ஷன் கிடையாது, கடிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நினைவகத்தைத் தின்னும் குட்டி ஐகான் கிடையாது. என்டிக்காக எழுதியதுதான், ஆனாலும் 98இலும் முணுமுணுக்காமல் ஓடும்.

இதன் அழகு உள்ளே இருக்கிறது. டெஸ்க்டாப் என்று நாம் பார்ப்பது எக்ஸ்ப்ளோரருக்குச் சொந்தமான ஒரு லிஸ்ட் வியூ. அதில் ஒவ்வொரு ஐகானும் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று கேட்கவும், வேறு புள்ளியில் வைக்கவும் தனித்தனி மெசேஜ்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் ஒரு ஈஎக்ஸ்இ இதைச் செய்யவேண்டுமென்றால் எக்ஸ்ப்ளோரரின் நினைவகத்துக்குள் புகுந்து இடம் பிடித்து, அங்கே எழுதிப் படிக்கவேண்டும். லேஅவுட் அந்தப் பாடெல்லாம் படுவதில்லை. அது ஷெல் எக்ஸ்டென்ஷனாகப் பிறந்தது, எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே குடியிருக்கிறது. வீட்டு ஆளாக இருந்துகொண்டே கேட்கிறது, வீட்டு ஆளாக இருந்துகொண்டே நகர்த்துகிறது. அந்த லிஸ்ட் வியூவைத் தாங்கும் விண்டோவின் பெயர் இன்னமும் ‘ப்ரோக்மேன்’. விண்டோஸ் 3.1இன் ப்ரோக்ராம் மேனேஜர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகியும் டெஸ்க்டாப் அவர் பெயரில்தான் பட்டா வைத்திருக்கிறது.

எங்கள் ஐயம்பேட்டையில் இந்த டிஎல்எல்லுக்கு நான் பார்த்த மரியாதையை வேறு எங்கும் பார்த்ததில்லை. புடவை டிசைன் போட்டுத் தறிக்கு அட்டை அடித்துக் கொடுக்கும் அண்ணன் ஒருவருடைய மெஷினில்தான் அதைப் பார்த்தேன். சதுரமான பழைய மானிட்டர், 800க்கு 600. டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட்டே பெரும்பாலும் கிடையாது, எல்லாம் பிஎம்பி ஃபைல்கள்தான். ரெஜிஸ்ட்ரியில் பெயின்ட் படங்களுக்கான டிஃபால்ட் ஐகான் என்ற இடத்தில் ‘%1’ என்று மாற்றிவைத்தால் அந்தந்தப் படமே தனக்கு ஐகானாகிவிடும், தெரியும்தானே? அப்படி மாற்றிவைத்திருந்தார். 32க்கு 32 புள்ளியில் அன்னமும் யாளியும் இருதலைப்பட்சியும் ருத்ராட்சமும் வரிசை கட்டி நிற்கும். பார்டர் ஃபைலை முழுசாக விட்டால் நீளமெல்லாம் நசுங்கி ஒரு கோடு மாதிரி ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு பார்டருக்கும் ஒரு ரிப்பீட்டை மட்டும் சதுரமாக வெட்டி வேறு பெயரில் வைத்திருந்தார். இடது பக்கம் மூன்று வரிசை புட்டா, வலது ஓரம் பார்டர், அடியில் முந்தி. நடுவில் ஒரு பட்டை காலி. அன்றைக்குத் தறிக்குப் போகிற டிசைன் அந்தக் காலியிடத்துக்கு வரும். அட்டை அடித்து முடிந்ததும் பழைய இடத்துக்குப் போகும்.

நெசவாளர்கள் வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு டிசைன் கேட்பார்கள். பெயர் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. “தம்பி, அந்தாண்ட கடைசி வரிசைல, மேலேர்ந்து மூணாவது அன்னம். அதுக்குக் கீழ இருக்கிற மயிலு வேணாம், மூக்கு தடியா வந்துடுது.” முத்தியால்பேட்டையிலிருந்து வருகிற பெரியவர் ஒருவர் விரலைக்கூட நீட்டமாட்டார், கண்ணாலேயே காட்டுவார். அந்த இடத்தில் அந்த அன்னம் இருந்தால்தான் இந்தப் பேச்சு நடக்கும். ஐகான் அடுக்குவது அலங்கார வேலை, வேலையற்ற வேலை என்று சொல்பவர்கள் இந்த அறையில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கவேண்டும்.

பெயர் வரிசையில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வரிசையின் லட்சணத்தையும் சொல்கிறேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டேப் என்ற குறியீட்டில் அமைந்த எழுத்துருக்கள் பரவலாகக் கிடைக்கத் தொடங்கின. டிஸ்ப்ளே செட்டிங்கில் ஐகான் எழுத்துருவாக அப்படி ஒன்றைப் போட்டால் 98இலேயே ஃபைல் பெயர்கள் தமிழில் தெரியும். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் குறியீட்டில் கொம்புதான் முதலில் வரும், எழுத்து அதற்குப் பின்னால். ‘அரேஞ்ச் பை நேம்’ கொடுத்தால் கோபுரமும் தேரும் தோரணமும் மேகமும் ஒற்றுமையாக ஒரே இடத்தில் போய் நிற்கும்; கமலம் எங்கேயோ, கோபுரம் எங்கேயோ. விண்டோஸைப் பொறுத்தவரை அவையெல்லாம் புள்ளியும் கொக்கியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள். நம் அகர வரிசை அதற்கு எப்படித் தெரியும்? கையால் அடுக்கிய வரிசையைத் தவிர வேறு எதுவும் தமிழில் நேராக நின்றதில்லை.

சரி, அந்த வரிசை எதற்காகக் கலையவேண்டும்? எக்ஸ்ப்ளோரர் ஐகான்களின் இடத்தை ஒழுங்காக எழுதிவைப்பது ஷட் டவுன் ஆகும்போதுதான். நடுவில் கரண்ட் போனால் அன்றைக்கு அடுக்கியதெல்லாம் போச்சு. கரண்ட் வந்ததும் ஸ்கேன்டிஸ்க். சில நாள் அதோடு நிற்காமல் சேஃப் மோடு. சேஃப் மோடு என்றால் 640க்கு 480. ஐகான் 32, இடைவெளி 43, ஆக ஒரு கட்டம் 75 புள்ளி. 800க்கு 600இல் டாஸ்க்பாரைக் கழித்தால் பத்து வரிசையில் ஏழேழாக 70 இடம். 640க்கு 480இல் எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு: 48. இருபத்திரண்டு இடம் குறைகிறது; இடமில்லாதவர்கள் ஓரத்தில் வந்து நெரிசலில் நிற்பார்கள். திரும்ப 800க்குப் போனாலும் தாமாகக் கலைந்து போய்த் தம் இடத்தில் நிற்பதில்லை. அந்த நேரத்தில் ரைட் கிளிக், ரிஸ்டோர். திரை ஒரு தடவை சிலிர்க்கும். அன்னம் மேலேயிருந்து மூன்றாவது இடத்தில்.

இந்த விஷயத்தில் மேக்கிண்டோஷ் ரசிகர்களோடு எனக்கு நீண்ட நாள் வழக்கு. 1984 முதலே எங்களிடம் ‘க்ளீன் அப்’ இருக்கிறது என்பார்கள். உண்மைதான். அதோடு ஒவ்வொரு ஃபோல்டரும் தன் விண்டோ எங்கே திறந்தது, உள்ளே எது எங்கே இருந்தது என்பதைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும். சேவ், ரிஸ்டோர் என்ற பேச்சே அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்னும் ஒரு படி மேலே போய் ஒன்றுக்காகப் பொறாமையே படுகிறேன்: சிஸ்டம் 7இல் ‘வியூஸ்’ கன்ட்ரோல் பேனல். அதில் நேர்க்கட்டம் ஒன்று, மாற்றுக்கட்டம் ஒன்று. மாற்றுக்கட்டத்தில் ஒரு ஐகான் மேலே இருந்தால் பக்கத்து ஐகான் சற்றுக் கீழே இறங்கி நிற்கும். நீளமான பெயர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது. புடவை உடலில் புட்டாவைச் சாரி மாற்றிப் போடுகிறோமே, அந்தக் கணக்கு அப்படியே. ஐயம்பேட்டையில் யாரிடம் காட்டினாலும் விளக்கம் கேட்டிருக்கமாட்டார்கள். விண்டோஸுக்கு அது கடைசிவரை வரவில்லை.

அமிகா பக்கம் ‘ஸ்னாப்ஷாட்’ என்ற மெனு உண்டு. ஐகானின் இடத்தை அந்த ஐகானுடைய .இன்ஃபோ ஃபைலுக்குள்ளேயே எழுதிவிடும். நேர்மையான ஏற்பாடு. விண்டோஸ் 95 காலத்து ஈஸிடெஸ்க் ரெசல்யூஷனுக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளும். அதைத் தூக்கிப் பிடிப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அடிக்கடி ரெசல்யூஷன் மாற்றி விளையாடுபவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் ஒரே திரையில், ஒரே வேலையில், வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவருக்கு லேஅவுட்டின் இரண்டு வரிக்கு மேல் எதுவும் இடைஞ்சல்தான்.

விண்டோக்களை அடுக்கும் கலையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1985இல் வந்த முதல் விண்டோஸ் விண்டோக்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறவே விடாது, எல்லாம் பக்கம் பக்கமாகத்தான். 1987இல் இரண்டாவது வந்துதான் மேலே ஏறவிட்டது. அந்த முதல் ஒழுக்கத்தின் வாரிசு ‘டைல் வெர்ட்டிகலி’. இடது பாதியில் டிசைன், வலது பாதியில் அதையே நானூறு சதவீதம் பெரிதாக்கிக் கட்டம் போட்டுத் திறந்த இன்னொரு பெயின்ட். பாவு இழையும் ஊடை இழையும் கண்ணுக்கு எதிரே எண்ணலாம். இதோடு 3.1இன் ஒரு ரகசியத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ‘எக்ஸிட் விண்டோஸ்’ கொடுத்தால் வெளியே போகாது, குரூப் விண்டோக்கள் இருக்கிற இருப்பை அப்படியே எழுதிவைத்துவிட்டுச் சும்மா இருக்கும். லேஅவுட்டின் ‘சேவ்’வுக்கு இதுதான் பாட்டன் என்பது என் கட்சி. அதைக் கண்டுபிடித்து நமக்கு விட்டுப்போன காலத்தில், ஒழுங்கு என்பது உட்கார்ந்து வேலை செய்கிறவருடையது என்ற எண்ணம் மென்பொருள் எழுதியவர்களுக்கு இருந்தது.

அந்த எண்ணம் 2001இல் போய்விட்டது. எக்ஸ்பி வந்தது, கூடவே ‘டெஸ்க்டாப் க்ளீனப் விஸார்ட்’ வந்தது. அறுபது நாளுக்கு ஒரு தடவை வந்து, நீ தொடாத ஷார்ட்கட்டுகளையெல்லாம் ஒரு ஃபோல்டருக்குள் அள்ளிப்போடட்டுமா என்று கேட்கும். தொடாதது வேண்டாதது என்று யார் சொன்னது? தை முகூர்த்தத்துக்கு மட்டும் எடுக்கிற முந்தி டிசைன் இருக்கிறது. அடுத்த தை வரைக்கும் அதைத் தொடமாட்டோம். விண்டோஸ் 7 அதைவிடத் துணிச்சல். பராமரிப்பு என்ற பெயரில் அதுவே பின்னணியில் ஓடி, உடைந்த ஷார்ட்கட் நாலுக்கு மேல் இருந்தால் கேட்காமலே எடுத்துவிடும். பென் டிரைவைக் கழற்றிவைத்திருந்தால் அதற்கான ஷார்ட்கட்டும் உடைந்த கணக்குதான். 2021இல் வந்த 11இல் டாஸ்க்பார் மெனுவில் இருந்த கேஸ்கேடையும் டைலையும் எடுத்தேவிட்டார்கள். விளிம்புக்கு இழுத்தால் ஒட்டிக்கொள்ளும், அதைப் பயன்படுத்திக்கொள் என்பது பதில். நாலு விண்டோவை ஒவ்வொன்றாக இழுத்து ஒட்டவைப்பதும் ஒரே சொல்லில் அடுக்குவதும் ஒன்றா?

இப்போது டிசைன் போடும் பிள்ளைகள் நன்றாகவே போடுகிறார்கள். டிஜிபுனாய் மாதிரி இலவசமாகவே கைத்தறிக்கென்று மென்பொருள் வந்திருக்கிறது. கட்டத்தாளில் நாள்கணக்கில் புள்ளி வைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அவர்கள் ஃபைலை எடுக்கும் விதம்தான் எனக்குப் பிடிபடவில்லை. எல்லாம் ஒரே ஃபோல்டரில், எல்லாம் தேடல் பெட்டியில். “அண்ணே, பேரைச் சொல்லுங்க, தேடிக் குடுக்கிறேன்” என்கிறார்கள். வந்து நிற்கும் நெசவாளருக்குத் தெரிந்தது பெயரில்லை, இடம்தான். அவர் பெயரை யோசித்து நிற்கிறார், பையன் கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். இரண்டு பேருக்கும் எரிச்சல்.

புது மெஷினில் பழைய லேஅவுட்.டிஎல்எல்லைப் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்டால், நடக்காது. அது 32 பிட். 64 பிட் எக்ஸ்ப்ளோரர் அதை உள்ளே விடாது. அதே இரண்டு வரியை 64 பிட்டுக்கு எழுதிக் கொடுத்த புண்ணியவான்கள் இருக்கிறார்கள்; போட்டால் வேலையும் செய்கிறது. ஆனால் 11இல் ரைட் கிளிக் செய்ததும் அந்த வரிகள் தெரிவதில்லை. ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்று அடியில் ஒன்று, அதைத் தட்டினால்தான் பழைய மெனு விரிந்து அவை கண்ணில் படும். எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே குடியிருந்த ஆளை இப்போது கொல்லைப்புறம் வழியாகப் போய்க் கூப்பிடவேண்டியிருக்கிறது.