ஆசை மிச்சமிருக்கும்போதே

மேச்சேரிச் செம்மண் காட்டில் விடியற்காலை. ஆறு மாதச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி ஒன்று, செந்நிற மேச்சேரி ஆடுகளின் ஓரமாகத் துள்ளிப் போகிறது. பின்னால் வரும் பெரியவர் நாக்கைச் சொடுக்குகிறார். குட்டி சட்டென நின்று, காது மடக்கித் திரும்பிப் பார்க்கிறது. அன்றைய பாடம் அவ்வளவுதான். குட்டியின் விலா விம்மத் தொடங்கும் முன்பே அவர் வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிடுவார். குட்டியின் காலை மடியில் வாங்கி, விரலிடுக்கில் நெருஞ்சி முள் இருக்கிறதா என்று மெதுவாகத் தடவுவார். பிஞ்சுப் பாதம், சுடும் மண் ஆகாது.

சிப்பிப்பாறை வேட்டை நாய்தான்; ஆனால் வேட்டை இன்று சட்டப்படி குற்றம். காவலும் ஓட்டமுமே இந்த நாயின் வேலை. ஒரு வயதுவரை எலும்பு முற்றாது. அதற்குள் விரட்டினால் மூட்டு கெடலாம். ஓட ஆசை மிச்சமிருக்கும்போதே நிறுத்துவதுதான் நல்ல வளர்ப்பு.