எழுத்துப் போடும் நேரம்

டைட்டில் என்ற சொல் பரவுவதற்கு முன்பு நம் ஊர்களில் அதற்கு ஒரு பெயர் இருந்தது: எழுத்துப் போடுவது. "எழுத்துப் போடறதுக்குள்ள போயிடணும்" என்று அவசரப்படுத்துகிறவர்கள் ஒரு கட்சி. "இப்பத்தான் எழுத்து ஓடுது, மெதுவாப் போலாம்" என்று வாசலில் நிற்கிறவர்கள் இன்னொரு கட்சி. படம் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் இவர்களுக்குள் தகராறு. இப்போது இரண்டாவது கட்சி ஜெயித்துவிட்ட மாதிரித் தெரிகிறது. 2017இல் நெட்ஃப்ளிக்ஸ், தொடர்களின் அறிமுகப் பகுதியைத் தாண்டிப்போக ஒரு பொத்தானையே வைத்துவிட்டது. பெரும்பாலான தொடர்களுக்கு என் விரலும் அதைத் தேடித்தான் போகிறது. சிலவற்றுக்கு மட்டும் போவதில்லை. இரண்டிலும் இசை உண்டு, அசையும் வடிவங்கள் உண்டு, இரண்டும் தாளம் தப்பாமல் சேர்ந்தே ஓடுகின்றன. அப்புறம் எங்கேதான் வித்தியாசம்?

இந்தத் தகராறு ஹாலிவுட்டுக்கும் பழையதுதான். அங்கே பல திரையரங்குகளில் பெயர்கள் ஓடும்போது திரைச்சீலையே முழுதாக விலகியிருக்காது. பெயர்கள் சீலை மேலேயே விழும். 1955இல் ஓட்டோ பிரெமிங்கர் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' படச்சுருள் பெட்டிகளில் ஒரு குறிப்பை ஒட்டி அனுப்பினார்: பெயர்கள் தொடங்குமுன் சீலையை விலக்கிவிட வேண்டும். காரணம், அந்தப் பெயர்ப் பகுதியை வடிவமைத்தவர் சால் பாஸ். கறுப்புத் திரையில் வெள்ளைப் பட்டைகள், எல்மர் பெர்ன்ஸ்டீனின் ஜாஸ் இசையோடு ஒன்றன்பின் ஒன்றாக நுழையும். கடைசியில் அவை கோணலான ஒரு கையாக மாறும். படம் ஹெராயின் பழக்கத்தைப் பற்றியது. ஊசியையோ ரத்தத்தையோ காட்டாமல், வெறும் பட்டைகளை வைத்தே அந்தக் கையின் அவஸ்தையைச் சொல்லிவிட முடிந்தது. படம் இங்கேயே தொடங்கிவிட்டது என்று ஓர் இயக்குநர் சத்தமாகச் சொன்ன தருணம் அது.

இனி கொஞ்சம் கணக்கு. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். இசை நிமிடத்துக்கு 120 பீட் என்றால் சரியாக 12 ஃபிரேமுக்கு ஒரு பீட் விழும், சிக்கலே இல்லை. 100 பீட் என்றால் ஒவ்வொன்றுக்கும் 14.4 ஃபிரேம். 0.4 ஃபிரேம் என்று ஒன்று கிடையாது. சரி, 14 என்றே வைத்துக்கொள்வோம் என்றால், அரை நிமிடத்தில், அதாவது ஐம்பது பீட்டில், படம் இசையைவிட 20 ஃபிரேம் முந்திப் போய்விடும். கிட்டத்தட்ட ஒரு விநாடி. ஆகவே 14, 15, 14, 15, 14 என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஐந்து பீட்டுக்கு 72 ஃபிரேம், மூன்று விநாடி, கணக்கு நேராகிவிடும். கையால் வரைந்த காலத்தில் இது பெரிய உழைப்பு. இன்று மென்பொருளுக்கு ஒன்றுமே இல்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒலியையே கீஃபிரேம்களாக மாற்றித்தரும் கட்டளை இருக்கிறது. அதை ஒரு வட்டத்தின் அளவோடு இணைத்துவிட்டால் போதும். டிரம் அடிக்கும்போதெல்லாம் வட்டம் வீங்கிச் சுருங்கும்.

இன்றைய அறிமுகப் பகுதிகளில் பாதிக்கும் மேல் இந்த வீங்கிச் சுருங்கும் வட்டத்தின் உறவினர்கள்தான் என்பது என் குற்றச்சாட்டு. எழுத்து துடிக்கும், கோடு வெட்டும், ஒளி மின்னும். எல்லாம் பீட்டில் கச்சிதமாக. இருபது விநாடியில் கண் அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். அடுத்து என்ன வரும் என்பது தெரிந்துவிட்டதே! மேலும், அந்தக் கட்டளை எடுத்துத் தருவது ஒலியின் அளவை மட்டும். ஒரு ஃபிரேமுக்கு ஒரு எண். இசையில் சுருதி உண்டு, ஏற்ற இறக்கம் உண்டு, ஒரு வாத்தியம் சொன்னதை இன்னொன்று மறுப்பது உண்டு. அதெல்லாம் அந்த ஒற்றை எண்ணில் காணாமல் போகிறது. ஒரு நாவலை அதன் பக்கங்களின் எடையை வைத்துப் புரிந்துகொள்வது போன்றது இது.

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. பாடகரின் ஒவ்வொரு சொல்லுக்கும் மிருதங்கம் அடித்துக்கொண்டே இருந்தால், "ஐயா, கொஞ்சம் பாட விடுங்க" என்று சொல்லத் தோன்றும். நல்ல பக்கவாத்தியக்காரர் விட்டுக்கொடுப்பார், ஒதுங்குவார், வேறொரு கணக்கில் போவார். அப்படி விலகிப் போனதால்தான் கோர்வை முடிந்து இருவரும் ஒரே இடத்தில் வந்து விழும்போது சபை தலையாட்டுகிறது.

படத்தில் இப்படி ஒதுங்குவது எப்படி இருக்கும்? 'வெர்ட்டிகோ'வைப் பாருங்கள். 1958. பாஸின் வடிவமைப்பில் ஒரு பெண்ணின் கண்ணுக்குள்ளிருந்து சுருள்கள் கிளம்பி வருகின்றன. அந்தச் சுருள்களைச் செய்தவர் ஜான் விட்னி. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் குறிபார்க்கப் பயன்பட்ட இயந்திரக் கணிப்பானை எடுத்து, படம் வரையும் கருவியாக மாற்றியவர். நகரும் விமானம் எங்கே இருக்கும் என்று கணக்கிடச் செய்த பொறி, ஒரு மனிதனின் தலைசுற்றலை வரைய வந்தது. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்தச் செய்தியே தனி போதை தருகிறது.

பெர்னார்ட் ஹெர்மனின் இசையில் ஒரு சுரவரிசை மேலே ஏறும்போது இன்னொன்று கீழே இறங்குகிறது. ஏறுவதா இறங்குவதா என்று காது திணறுகிறது. நடுவே பித்தளைக் கருவிகள் பலமாகக் குறுக்கிடுகின்றன. நம் மென்பொருள் கட்டளையிடம் விட்டிருந்தால் அந்தக் குறுக்கீடுகளில்தான் சுருள் துள்ளியிருக்கும். விட்னியின் சுருள் பாட்டுக்குச் சுழன்றுகொண்டே இருக்கிறது. சுழலும்போது அது உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று கண்ணும் திணறுகிறது. இங்கே பொருந்திப்போவது பீட்டும் அசைவும் அல்ல. காதின் குழப்பமும் கண்ணின் குழப்பமும். பின்னர் அந்தச் சுருளை மேடலினின் கொண்டையில் பார்க்கும்போது நாயகனைப்போல நமக்கும் லேசாகத் தலை சுற்றுகிறது.

இரண்டு ஆண்டு கழித்து, 1960இல், 'சைக்கோ'. இதே இருவர்தான், ஆனால் வேறு உலகம். ஹெர்மன் அந்தப் படம் முழுவதற்கும் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்துக்கொண்டார். பாஸ் கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டார். கறுப்பில் சாம்பல் கோடுகள், முதலில் கிடையாக, பிறகு நெடுக்காக, திரையின் குறுக்கே பாய்கின்றன. படத்தின் பெயர் துண்டாகி, துண்டுகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. வெட்டி வெட்டி விழும் நாண்களுக்கு மேலே ஒரு கட்டத்தில் நீளமான மெட்டு ஒன்று எழுகிறது. கிட்டத்தட்ட ஏக்கம் மாதிரி. சாதாரண வடிவமைப்பாளர் அந்த இடத்தில் கோட்டைக் கொஞ்சம் வளைத்திருப்பார். பாஸ் வளைக்கவில்லை. இசை கெஞ்சுகிறது, கோடு கேட்க மறுக்கிறது. படத்தின் கதையும் இதுதானே? தப்பிக்க ஏங்கும் ஒருத்தி, எதற்கும் இரங்காத ஒரு கத்தி.

ஆனால் இதன் முழுப் பலன் பெயர்கள் ஓடும்போது கிடைப்பதில்லை. நாற்பதாயிரம் டாலரோடு மேரியன் காரில் ஓடுகிறாள். இரவு, மழை. டைட்டிலின் அதே இசை திரும்பி வருகிறது. கண்ணாடியில் துடைப்பான்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டுகின்றன. கோடுகள் இப்போது திரையில் இல்லை. ஆனாலும் நம் கண் துடைப்பானில் அவற்றைப் பார்த்துவிடுகிறது. அவளுக்கு என்ன நடக்கப்போகிறது என்று மூளைக்கு இன்னும் தெரியாது, உடம்புக்குத் தெரிந்துவிட்டது. டைட்டிலைத் தாண்டிப் போனவருக்கு அது வெறும் மழைக்காட்சி. தாண்டும் பொத்தானால் நாம் இழப்பது இரண்டு நிமிட அலங்காரத்தை என்று நினைத்தால் தப்பு. பிறகு எழ வேண்டிய ஓர் அச்சத்தை இழக்கிறோம்.

"அப்போ நெருக்கமாக ஒட்டிப் போவதே தவறா?" என்று கேட்கலாம். இல்லை. 2002இல் வந்த ஸ்பீல்பெர்க்கின் 'கேட்ச் மீ இஃப் யூ கேன்' அதற்குச் சாட்சி. ஒலிவியே குன்ட்ஸெல், ஃப்ளோரன்ஸ் டெகா இருவரும் செய்தது. உருவங்களைக் கையால் வெட்டிய அச்சுகளைக் கொண்டு பதித்தார்கள். ஜான் வில்லியம்ஸின் இசையில் விரல் சொடுக்கும் சத்தமும் வைப்ரஃபோனும் சாக்ஸஃபோனும் பதுங்கிப் பதுங்கி நடக்கின்றன. படமும் கூடவே நடக்கிறது. பெயர்களின் எழுத்துக் கால்கள் நீண்டு கோடாகி, அடுத்த இடத்துக்கு நம்மை இழுத்துப் போகின்றன. இங்கே ஒட்டிப் போவதற்கு நியாயம் இருக்கிறது. படமே ஒருவன் பின்னால் ஒருவன் ஒட்டிப் போகும் கதை. விமானி உடையில் ஒருவன் நழுவுகிறான், தொப்பிக்காரன் துரத்துகிறான். இசைக்கும் படத்துக்கும் நடுவில் நடப்பதும் அதே துரத்தல்தான். பிடித்துவிட்டது என்று நினைக்கும்போது ஒன்று அடுத்த வளைவில் திரும்பியிருக்கும்.

இந்த வரிசையில் நம் ஊரிலிருந்து ஒன்றைச் சேர்ப்பேன். சிரிக்க வேண்டாம். 1992இல் சுரேஷ் கிருஷ்ணாவின் 'அண்ணாமலை'யில் வந்த 'சூப்பர் ஸ்டார்' அட்டை. தேவாவின் இசைக்குப் புள்ளிகள் சேர்ந்து ஒவ்வொரு எழுத்தாக உருவாகும். மோஷன் கிராஃபிக்ஸ் என்ற அளவில் எளிமையான வேலை. விட்னியின் சுருள் பக்கத்தில் வைத்தால் பிள்ளைவிளையாட்டு. ஆனால் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு காத்திருப்பு இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த சொல், அடுத்த எழுத்தும் தெரியும், ஆனாலும் வர வேண்டும். அந்த இடைவெளியில் விசில் விழுகிறது, காகிதம் பறக்கிறது. தெரிந்தோ தெரியாமலோ கொட்டகைக்கென்று அதில் இடம் விட்டிருக்கிறார்கள். கைப்பேசியில் தனியாகப் பார்த்தால் அதே அட்டை கொஞ்சம் வெறிச்சென்று இருப்பது அதனால்தான். ஒரு வாத்தியம் குறைகிறது.

ஆக, இசைக்கு எவ்வளவு துல்லியமாக ஒட்டுகிறது என்பது தரத்தின் அளவுகோல் ஆகாது. துல்லியம் இன்று இலவசம். இசையில் எதற்குப் பதில் சொல்வது, எதைக் கேளாதது போல் விடுவது என்ற தேர்வு இலவசமல்ல. அதற்குப் படத்தைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். விட்னியும் பாஸும் குன்ட்ஸெல்-டெகாவும் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள்; மூன்றும் அந்தந்தப் படத்துக்கு மட்டுமே செல்லும். 'வெர்ட்டிகோ'வின் சுருளை 'சைக்கோ'வுக்கு மாற்றி வைத்தால் இரண்டும் கெடும். இன்றைய வீங்கும் வட்டங்களை ஒரு தொடரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பாருங்கள். யாருக்கும் தெரியாது, செய்தவருக்கே தெரியாமலும் போகலாம். தாண்டும் பொத்தானை அழுத்தலாமா என்று சந்தேகம் வந்தால் நான் இப்போது இந்த ஒரு சோதனையைத்தான் வைத்துக்கொள்கிறேன்.