சேவை வணிகத்தின் தடைகளை எண் சொல்லிவிடுமா?

துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கு வரி எத்தனை விழுக்காடு என்பது அட்டவணையிலேயே இருக்கும். சேவைக்கு அப்படி ஒன்றில்லை. வழக்கறிஞரையும் வங்கியையும் எல்லையில் நிறுத்துபவை உரிம விதிகள், அந்நிய முதலீட்டு உச்சவரம்பு, விசா நிபந்தனைகள். இவற்றை அளக்க, ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 2014-இல் ஒரு குறியீட்டை வெளியிட்டது. அது 22 துறைகளின் கட்டுப்பாடுகளைப் பதிகிறது. 0 என்றால் முழுத் திறப்பு, 1 என்றால் முழு அடைப்பு.

இதன் முதல் பலம், ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் சட்டவிதி ஒன்று இருப்பது. தவறென்று தோன்றினால் மூலத்தைப் புரட்டிப் பார்க்கலாம். தொண்ணூறுகளின் முயற்சிகள் உலக வணிக அமைப்பிடம் நாடுகள் அளித்த வாக்குறுதிகளை நம்பின. நடப்பில் நாடுகள் அதைவிடத் திறந்திருந்தன. அந்தக் குறையை நடைமுறையிலுள்ள சட்டங்களைப் படிக்கும் இக்குறியீடு நீக்கியது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால் எந்த நாடு எப்போது கதவடைத்தது என்பதும் தெரிகிறது.

குறைகளும் கனமானவை. கட்டுப்பாடு உண்டா, இல்லையா என்பதே இதன் அடிப்படைக் கேள்வி. வெளிநாட்டு வழக்கறிஞர் இந்தியாவுக்கு வந்து ஆலோசனை கூறிச் செல்லலாம் என்று 2012-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சுருக்கியது: எப்போதாவது வந்துபோவது தொழில் நடத்துவதாகாது, எது அப்படிப்பட்ட வருகை என்பதை அந்தந்த நிகழ்வை வைத்தே முடிவுசெய்ய வேண்டும். இந்த இடைநிலையை ‘உண்டு, இல்லை’ கட்டத்துக்குள் எப்படி அடைப்பது?

எந்த வகைத் தடை எவ்வளவு கனமானது என்பது வல்லுநர்கள் பகிர்ந்தளிக்கும் புள்ளிகளைச் சார்ந்தது. வல்லுநர் மாறினால் எடையும் மாறக்கூடும். ஏட்டில் உள்ள விதியைக் குறியீடு படிக்கிறது. அலுவலகத்தில் கிடப்பில் போடப்படும் உரிம மனுவையோ, நிராகரிக்கப்படும் விசாக்களின் எண்ணிக்கையையோ அது காண்பதில்லை. உழைப்பையும் அறிவையும் ஏற்றுமதி செய்யும் நாடுகளுக்கு இது பேரிழப்பு. நாடுகளுக்கிடையிலான சலுகை ஒப்பந்தங்களும் கணக்கில் வராததால், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியின் உள்வணிகத்துக்குத் தனிக் குறியீடே தேவைப்பட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியம்: ஒரு விதியால் வணிகம் எவ்வளவு தடைபடுகிறது என்றுதான் இது கேட்கிறது, வைப்பாளரின் பணத்தையும் நோயாளியின் உயிரையும் அவ்விதி எவ்வளவு காக்கிறது என்று கேட்பதில்லை.

ஆகவே, எங்கே எந்த விதி இருக்கிறது என்று தேட இந்தக் குறியீட்டின் தரவுத்தளம் அரிய கருவி. நாடுகளைத் தரவரிசைப்படுத்தவோ, வணிகப் பேச்சுகளில் ஒரு நாட்டை மடக்கவோ அதன் ஒற்றை எண் போதாது. எண்ணை மேற்கோள் காட்டுவோர், அதற்குக் கீழுள்ள விதியையும் அது யாரைக் காக்கிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.