யாருடைய கண்ணீர்?

வில்லோ மரத்தைப் பற்றி மேல்வகுப்பு மாணவரைக் கேட்டால், "அது துயரத்தின் குறியீடு" என்று ஒரே மூச்சில் விடை வருகின்றது. அவ்விடையைக் குறிப்பேட்டில் எழுதுவித்தவர்கள் ஆசிரியர்களாகிய நாமே. நீர்க்கரையில் கிளைகளைத் தாழவிட்டு நிற்கும் அம்மரத்தை நம்மிற் பலர் கண்டதில்லை. ஆயினும், அது குறிப்பது யாருடைய துயரம், எதனால் விளைந்த துயரம் என்ற வினாக்களை நாம் எழுப்பினோமா? இலக்கிய விமர்சனம் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

மரத்தின் பெயரிலேயே ஒரு பிழை உண்டு. 1753இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்குப் 'பாபிலோனிய வில்லோ' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். பாபிலோனின் ஆற்றங்கரையில் சிறைப்பட்ட யூதர் தம் யாழ்களை மரங்களில் மாட்டிவிட்டு அழுததைக் கூறும் 137ஆம் சங்கீதமே அதற்குக் காரணம். உண்மையில் இம்மரத்தின் தாயகம் சீனா. சங்கீதம் கூறும் மரம் யூப்பிரத்தீஸ் கரையில் வளரும் பொப்லார் வகை என்பதே அறிஞர் பலரின் துணிபு. தமிழ் விவிலியத்தில் அது அலரியாயிற்று. இவ்வாறு மரம் மாறி மாறி வந்தும் பாட்டின் துயரம் மாறவில்லை. நாடிழந்து, தம்மைச் சிறைப்படுத்தியோர் முன்னிலையிலே பாடுமாறு ஏவப்பட்ட மக்களின் துயரம் அது.

சீன இலக்கியத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். அந்நாட்டின் மிகப் பழைய பாத்தொகுப்பாகிய 'ஷீசிங்'கில் ஒரு போர்வீரன், தான் புறப்பட்ட பருவத்தை வில்லோவாலும் மீண்ட பருவத்தைப் பனியாலும் குறிக்கின்றான். இடைப்பட்ட காலத்தை எல்லைப்போர் விழுங்கிவிட்டது. பசியோடும் தாகத்தோடும் வீடு திரும்பும் அவனது வாழ்வே அங்கு வில்லோவுக்குப் பொருள் தருகின்றது. பின்னர் தாங் அரசர் காலத்தில் (618–907), பிரிந்து செல்வோருக்கு வில்லோக் கிளையை ஒடித்துக் கொடுத்தல் பெருவழக்காயிற்று. மரத்தின் பெயராகிய 'லியூ', 'தங்குதல்' என்னும் பொருளுடைய சொல்லோடு ஒலியொத்திருப்பதே இதன் நயம். ஆனால் எந்த நயமும் பலமுறை எடுத்தாளப்படும்போது வெறும் அலங்காரமாகிவிடக்கூடும்.

அவ்வலங்காரத்தை உடைத்தவர் பாய் ஜூயி (772–846) என்னும் கவிஞர். சுயி வமிசத்து அரசன் யாங், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கட்டாய உழைப்பால் பெருங்கால்வாய் வெட்டுவித்து அதன் கரைகளில் வில்லோ மரங்களை நடுவித்தான். அம்மரங்களைப் பாட வந்த கவிஞர், அரசனது உல்லாசப் பயணங்களால் நாட்டின் செல்வமும் வலிமையும் வற்றியதைப் பாடினார். பிறர் நிழலைக் கண்ட இடத்தில் அவர் அந்நிழலின் விலையைக் கண்டார்.

இதற்கு நேர்மாறான போக்கை இங்கிலாந்திலே காண்கின்றோம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டுப் பீங்கான் உற்பத்தியாளர் 'வில்லோக் கோலம்' எனும் நீலச் சித்திரத்தைத் தட்டுகளிற் பொறித்து விற்றனர். அச்சித்திரத்துக்கு விளக்கமாக, காதலர் இருவர் இறந்து புறாக்களான கதையொன்று பழஞ்சீனக் கதை என்ற பெயரில் உலவிற்று. அக்கதை இங்கிலாந்திலேயே புனையப்பட்டது. எந்த மக்களது வாழ்விலும் வேர்கொள்ளாத கண்ணீர் அங்கு விற்பனைச் சரக்காயிற்று.

குறியீட்டை மட்டும் கற்பிக்கும்போது உழைப்பின் வரலாறும் மறைந்து போகின்றது. வில்லோ இனங்களின் வளையும் கொம்புகளால் தொழிலாளர் கூடை முடைந்தனர். அவற்றின் வேர்கள் ஆற்றங்கரை மண்ணைக் காத்தன. வெள்ளை வில்லோவின் பட்டைப்பொடி குளிர்காய்ச்சலைத் தணித்ததை 1763இல் எட்வேட் ஸ்டோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் இலண்டன் அரச கழகத்துக்கு எழுதினார். 1828இல் வில்லோப் பட்டையிலிருந்து சலிசின் பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வழி வந்த ஆராய்ச்சியின் பயனாக 1899இல் அஸ்பிரின் விற்பனைக்கு வந்தது.

பயன்பாட்டை மட்டுமே பாட வேண்டும் என்பது நம் வாதமன்று; கவிதைக்கு அழகு வேண்டாம் என்பதும் அன்று. போர்வீரனின் பாட்டும் பாய் ஜூயியின் பாட்டும் அழகியவையே. மனிதரின் அனுபவத்தை விட்டு விலகாதபடியால்தான் அவ்வழகு இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்தது. அடுத்தமுறை மாணவர் "வில்லோ துயரத்தின் குறியீடு" என்று கூறும்போது, சரியென்று புள்ளியிட்டு நகர்ந்துவிடாமல், "அம்மரத்தின் கீழ் அழுபவர் யார்?" என்று கேட்போம். நம் பாடநூல்களிலுள்ள ஏனைய குறியீடுகளையும் அவ்வாறே வினவ அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.