தக்காளி நீங்கி ஊறுகாய் வந்த இடம்: டோல்கீனின் ‘தி ஹாபிட்’ புதினத்தில் கருப்பொருளும் பொழுதும்

முன்னுரை

மிகுபுனைவு இலக்கியம் குறித்த திறனாய்வுகள் படைக்கப்பட்ட மொழிகள், வரைபடங்கள், தொன்மங்கள் ஆகியவற்றுக்குத் தரும் இடத்தை உணவுக்குத் தருவதில்லை. உணவு பின்புல அணியாகவே கருதப்படுகிறது. ஆயினும் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் தம் ‘தி ஹாபிட்’ (1937) புதினத்தில் செய்த ஒற்றைச் சொல் மாற்றம் இக்கருத்தை மறுபரிசீலனைக்கு உள்ளாக்குகிறது. முதல் அத்தியாயத்தில் பில்போவின் வளைவீட்டுக்கு வந்த விருந்தினருள் ஒருவரான கண்டால்ஃப், ஆறிய கோழி இறைச்சியும் தக்காளியும் கேட்கிறார். 1937, 1951 பதிப்புகளில் இவ்வாறே இருந்தது. 1966ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் தக்காளி நீக்கப்பட்டு, அவ்விடத்தில் ஊறுகாய் வைக்கப்பட்டது. இம்மாற்றத்தின் பொருண்மையைத் தொல்காப்பியக் கருப்பொருள் கோட்பாட்டின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலவழுத் திருத்தம் என்னும் விளக்கம்

இம்மாற்றத்துக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் காலவழு. டோல்கீனின் நடுநிலவுலகு வேறொரு கோள் அன்று. கற்பனையான ஒரு பழங்காலத்தில் வைக்கப்பட்ட நம் உலகே. அதன் வடமேற்குப் பகுதியில் அமெரிக்கக் கண்டத்துத் தக்காளி விளைதல் பொருந்தாது. டாம் ஷிப்பி ‘தி ரோட் டு மிடில் எர்த்’ (1982) நூலில் இதற்கு மொழிசார்ந்த ஒரு கோணத்தைச் சேர்த்தார். தக்காளி, உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்கள் அயலொலி உடையவை. ஹாபிட்டுகளின் ஷயர் நாடோ ஆங்கில நாட்டுப்புறத்தின் சாயல் உடையது என்பது அவர் காட்டும் முரண்.

இவ்விளக்கங்கள் சரியானவையே, ஆனால் போதுமானவை அல்ல. காலவழு மட்டுமே காரணமெனின் உருளைக்கிழங்கும் புகையிலையும் நீங்கியிருக்க வேண்டும். அவை நீங்கவில்லை. ‘தி ஹாபிட்’டின் அதே விருந்தில் குள்ளர் கேட்கும் காப்பியும் 1966க்குப் பின்னர் அப்படியே நிற்கிறது. எனவே, தக்காளி மட்டும் வெளியேறியது ஏன் என்னும் வினா எஞ்சுகிறது.

வந்த நிலத்தின் பயன்

தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வத்தை அடுத்து உணவை வைக்கிறது. ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் அந்நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தி வாராவிடினும், அவை வந்த நிலத்தின் பயனைப் பெறும் என்றும் அவ்வியல் இசைவு தருகிறது. இவ்விதியை உணவுக்கும் விரித்துப் பார்த்தால், டோல்கீன் அயற்பொருள்களை மூன்று வழிகளில் கையாண்டமை தெளிவாகிறது.

முதலாவது, பெயரை மண்ணுக்கு உரியதாக்குதல். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ புதினத்தில் சாம், கொல்லத்திடம் உருளைக்கிழங்கின் சுவையைப் புகழும்போது அதை நாட்டுப்புறக் கொச்சையாகிய ‘டேட்டர்ஸ்’ என்னும் சொல்லால் குறிக்கிறான். இரண்டாவது, வரலாறு வழங்குதல். புகையிலை அங்குக் ‘குழல்பூண்டு’ எனப் பொருள்படும் பெயர் பெறுகிறது. அது கடல் கடந்து வந்த மனிதரால் கொண்டுவரப்பட்டிருக்கலாம் என்னும் ஊகமும் முகவுரையில் இடம்பெறுகிறது. மூன்றாவது, மாற்றீடு. தக்காளிக்கு வட்டாரப் பெயரும் இல்லை, வருகை வரலாறும் இல்லை. வந்த நிலத்தின் பயனைப் பெறாத பொருளாகையால் அது நீக்கப்பட்டது. காப்பி இம்மூன்று வழிகளுக்கும் உட்படாமல் நிற்பது, திருத்தம் முழுமையடையவில்லை என்பதற்குச் சான்றாகும்.

ஊறுகாயும் பொழுதும்

எனினும், மாற்றீடாக ஊறுகாய் தேர்ந்தெடுக்கப்பட்டதால் விளைந்த பயன் வேறு. கதைப்படி பயணம் தொடங்குவது மே மாதத்துக்குச் சற்று முந்தைய ஒரு காலையில். விருந்து அதற்கு முந்தைய நாள். இங்கிலாந்தை ஒத்த தட்பவெப்பத்தில் அது தக்காளி காய்க்கும் பருவம் அன்று. ஆகவே, முதற்பதிப்பின் உணவு நிலத்தோடு மட்டுமன்றிப் பொழுதோடும் முரண்பட்டது. ஊறுகாய் இவ்விரு முரண்களையும் ஒருங்கே தீர்க்கிறது. வேனிற்காலத் தொடக்கத்து மேசையில் ஊறுகாய் இருப்பதற்கு, முந்தைய ஆண்டில் ஓர் அறுவடை நிகழ்ந்திருக்க வேண்டும். நுகர்வுக்கு மிஞ்சிய விளைச்சல் இருந்திருக்க வேண்டும். உப்பும் புளிக்காடியும் கிடைத்திருக்க வேண்டும். கதை தொடங்குவதற்கு முன்பே அவ்வுலகில் காலம் ஓடியிருக்கிறது என்பதை விளக்கவுரை எதுவுமின்றி அச்சொல் உணர்த்துகிறது.

இதனை எல்வ்களின் ‘லெம்பஸ்’ என்னும் வழியுணவோடு ஒப்பிடலாம். உடைக்காமல் இலையில் பொதிந்து வைத்தால் அது பல நாள் கெடாது. அழிவைத் தடுக்க முயல்வது எல்வ்களின் இயல்பு; அவர்களுடைய மோதிரங்களின் ஆற்றலும் அதுவே. ஊறுகாயோ அழிவைத் தடுப்பதில்லை. புளிப்பாகவும் உவர்ப்பாகவும் பொருளை மாற்றி, காலத்தோடு உடன்படுகிறது. இறப்புக்குரிய மாந்தரின் சேமிப்பு முறை என்ற வகையில் அது ஹாபிட்டுகளுக்குப் பொருந்துகிறது.

கலத்தை நிரப்பியவர் யார்?

இவ்விடத்தில் புதினத்தின் எல்லையும் புலப்படுகிறது. தனித்து வாழும் பில்போவின் சரக்கறையை நிரப்பியவர் யார், உப்பு எங்கிருந்து வந்தது என்பவற்றைக் கதை கூறவில்லை. பெரும்பாணாற்றுப்படையை அருகில் வைத்துப் பார்க்கும்போது இம்மௌனம் கூர்மையடைகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார், அந்தணர் இல்லத்து உணவில் மாவடு ஊறிய காடியைக் காட்டுகிறார். அதே பாட்டின் முற்பகுதியில் உமணரின் உப்பு வண்டி நெடுவழியில் செல்கிறது. காடி வைத்த கலம் அதில் கட்டப்பட்டிருக்கிறது. குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். நுகர்வோரின் இல்லம், உப்பின் வழி, அவ்வழியில் உழைக்கும் பெண் ஆகிய மூன்றும் ஒரே பாட்டில் அமைகின்றன. ‘தி ஹாபிட்’டில் முதலாவது மட்டுமே உண்டு.

டோல்கீன் இக்குறையைப் பின்னாளில் ஓரளவு ஈடு செய்தார். சாமின் மூட்டையின் அடியில் மரப்பெட்டியில் குறைந்துகொண்டே வரும் உப்பு அருஞ்செல்வமாகக் கூறப்படுகிறது. வெள்ளம் பாய்ந்த ஐசன்கார்டில் உப்பிட்ட பன்றியிறைச்சியோடு ஷயரின் குழல்பூண்டுப் பீப்பாய்களும் கிடைக்கின்றன; அவை சாருமானின் கை ஷயர் வரை நீண்டதற்குச் சான்றாகின்றன. சேமிப்புப் பொருள் இங்கு வணிகத்தின், அதிகாரத்தின் தடயமாகிறது. ஆயினும், அதை ஆக்கியவரின் கைகள் இங்கும் காட்டப்படவில்லை.

முடிவுரை

தக்காளி ஊறுகாயானது வெறும் பிழைத்திருத்தம் அன்று. நிலமும் பொழுதும் பிறழாத ஓர் உலகை நோக்கிய நகர்வு. அதே வேளையில், பொருத்தம் மட்டுமே ஓர் உலகை முழுமையாக்காது என்பதையும் அது காட்டுகிறது. சோழர் காலத்தைப் புனையும் தமிழ்ப் புதினத்தில் மிளகாய் இடம்பெற்றால் பிழை காண்பது எளிது. மிளகாய் இல்லாத அவ்வூறுகாய்க்கு உப்புக் கொணர்ந்தவர் யார், கலத்தில் இட்டவர் யார் எனக் கேட்பது அரிது. புனைவுலகின் உணவை மதிப்பிடும் திறனாய்வு இவ்விரண்டாம் வினாவையும் எழுப்ப வேண்டும்; அதற்கான அளவுகோல் ஆற்றுப்படை மரபிலேயே உள்ளது.