ப்ரோன் என்ற சொல்லும் அதன் மேல் ஏற்றிய சுமையும்

ஐரிஷ் மொழியில் ஒருவர் தம் வருத்தத்தைச் சொல்ல வேண்டுமானால் 'தா ப்ரோன் ஒர்ம்' என்பார். 'ப்ரோன்' என்றால் துயரம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'துயரம் என் மேல் இருக்கிறது' என்று பொருள். சமூக ஊடகங்களில் இந்தத் தொடர் அடிக்கடி வலம் வருகிறது, கூடவே ஒரு விளக்கமும் வருகிறது: ஐரிஷ்காரர் துயரத்தைத் தாமாகவே ஆக்கிக்கொள்வதில்லை, மேலே வந்து அமர்ந்த துயரம் எழுந்து போய்விடும் என்பது அவர்கள் மொழிக்கே தெரியுமாம். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லைத் தோண்டி மக்களின் மனத்தை வெளியே எடுக்கும் இந்தப் பழக்கம் எந்த அளவுக்கு நம்பத்தக்கது?

அயர்லாந்துக்கு இது புதிய பழக்கம் அல்ல. 908-இல் போரில் இறந்த காஷெல் நாட்டு அரசரும் ஆயருமான கோர்மாக்கின் பெயரில் ஒரு சொற்களஞ்சியம் உண்டு. சொல்லை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இலத்தீனிலோ எபிரேயத்திலோ பொருள் தேடுவது அதன் வழக்கம். கோடைகாலத்தைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லின் முதல் பாதியை எபிரேயச் சூரியனோடு அது முடிச்சுப்போடுகிறது. உண்மையில் அந்தச் சொல்லுக்கு உறவு ஆங்கிலத்தின் 'சம்மர்'. கோர்மாக்கை இன்று பார்த்துச் சிரிப்பது எளிது. அவர் காலத்து அறிஞர் பலரும் அப்படித்தான் செய்தார்கள்.

அந்தக் களஞ்சியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1868-இல் கல்கத்தாவில் அச்சானது. பதிப்பித்தவர் விட்லி ஸ்டோக்ஸ். டப்ளின்காரர், வழக்கறிஞர், 1862-இல் இந்தியா வந்து, சென்னையில் சில காலம் பணியாற்றி, பின்னர் வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினர் வரை உயர்ந்தவர். பகலில் இந்தியச் சட்டங்களை வரைந்தவர், மீதி நேரத்தில் பழைய ஐரிஷ் சுவடிகளோடு மல்லுக்கட்டினார். 1853-இல் செருமானியரான ட்சோய்ஸ் வெளியிட்ட கெல்டிய இலக்கணத்துக்குப் பிறகு, ஐரிஷ் சொல்லாராய்ச்சியை ஊகத்திலிருந்து விதிகளுக்குக் கொண்டுவந்த தலைமுறையில் முன்வரிசைக்காரர் ஸ்டோக்ஸ்.

விதிகள் என்ன தருகின்றன? 'ப்ரோன்' என்பதன் மூல கெல்டிய வடிவம் 'ப்ருக்னோஸ்' என்று மீட்டெடுக்கிறார்கள். இது கற்பனை அல்ல. 'ன'கரத்துக்கு முன் நின்ற மெல்லிய ககரம் ஐரிஷில் தேய்ந்து மறையும்; அந்த இழப்புக்கு ஈடாக முன்னுள்ள உயிர் நீளும். 'வெக்னோஸ்' என்பது வண்டியைக் குறிக்கும் 'ஃபேன்' ஆனதும் அதே வழியில்தான். வேல்ஸ் மொழியில் சோகத்துக்கு 'ப்ருயின்' என்ற உடன்பிறப்புச் சொல்லும் கிடைக்கிறது. ஒரு சொல், ஒரு விதி, ஒரு சாட்சி. இந்த முறையின் வலிமை இங்கேதான் இருக்கிறது.

இன்னும் சுவையானது ஐரிஷின் இரட்டைச் சொற்கள். 'ஸொனா' நற்பேறு உள்ளவர், 'தொனா' அது இல்லாதவர். 'ஸைவிர்' செல்வர், 'தைவிர்' ஏழை. 'ஸொ' என்றால் நல்ல, 'தொ' என்றால் தீய. இந்த முன்னொட்டுகளும் சமஸ்கிருதத்தின் 'சு', 'துஸ்' என்பவையும் ஒரே மூலத்தில் பிறந்தவை. நாம் வடமொழியிலிருந்து வாங்கிக்கொண்ட சுகத்துக்கும் துக்கத்துக்கும் முன்னால் நிற்பவை அவையே. ஆறுதலைக் குறிக்கும் 'ஸோலாஸ்' இலத்தீன் வழி வந்த அயற்சொல். அதற்கு எதிர்ச்சொல் வேண்டுமென்று ஐரிஷ்காரர்கள் முதலெழுத்தை மாற்றித் துயரத்துக்கு 'தோலாஸ்' என்று செய்துகொண்டார்கள். விருந்தாளிச் சொல்லுக்கும் வீட்டு விதியைப் பழக்கிவிட்டார்கள்!

சிக்கல் இதற்கு அடுத்த படியில்தான் தொடங்குகிறது. 'ப்ருக்னோஸ்' என்பதற்கும் முந்தைய வேரைத் தேடுவோர், பல்லைக் கடித்தல் என்ற பொருளுள்ள ஓர் இந்தோ-ஐரோப்பிய வேரைக் காட்டுகிறார்கள். கிரேக்கம், லித்துவேனியம் ஆகியவற்றிலிருந்து துணைச் சொற்களும் தருகிறார்கள். இருக்கலாம். ஆனால் வேல்ஸ் சாட்சியின் உறுதி இதற்கு இல்லை. அப்படியே மெய்யானாலும், 'ஐரிஷ் துயரம் என்பது உள்ளுக்குள் பல்லைக் கடிக்கும் துயரம்' என்று எழுதுவது ஆராய்ச்சி ஆகாது. பல நூற்றாண்டுகளாக ப்ரோன் என்று சொன்ன யாருக்கும் அந்த வேர் தெரியாது. ஆங்கிலத்தில் 'ஸாரி'யும் 'ஸாரோ'வும் தாயும் மகளும் போலத் தெரிந்தாலும் வெவ்வேறு வேரில் பிறந்தவை. அது தெரியாமலேயே ஆங்கிலேயர் இரண்டையும் கொண்டு அழுதிருக்கிறார்கள்.

'துயரம் என் மேல்' என்ற தத்துவத்தின் கதி இதைவிட மோசம். ஐரிஷில் மகிழ்ச்சியும் மேலே இருக்கிறது, பசியும் இருக்கிறது, தாகமும் சளியும் அவசரமும் இருக்கின்றன. தர வேண்டிய கடனும் கடமையும் அதே 'மேல்'தான். ஒருவர் பெயரைக் கேட்கும்போதுகூட 'உங்கள் மேல் என்ன பெயர் இருக்கிறது' என்று கேட்பதுண்டு. பெயர் எழுந்து போவதில்லை. தவிர 'நான் துயரமாக இருக்கிறேன்' என்ற நேரடி வாக்கியமும் அம்மொழியில் உண்டு. 'எனக்குக் கவலையாக இருக்கிறது' என்கிறோம் நாம்; இதை வைத்துத் தமிழர் கவலையை ஒட்டவிடாதவர் என்று யாராவது எழுதினால் நம் வீட்டுப் பாட்டிகளே சிரிப்பார்கள்.

இத்தகைய விளக்கங்கள் செழிக்க ஒரு காரணம் உண்டு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர் சுமார் 18.7 லட்சம் பேர். கல்விக்கூடத்துக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் ஏறத்தாழ 72 ஆயிரம் பேர்தான். மொழியைப் பழகாமல் ரசிப்போர் பெருகும்போது அதன் சொற்கள் காட்சிப்பொருளாகின்றன. அந்த ரசனை சிலரை வகுப்பறைவரை கொண்டுசேர்க்கிறது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை.

ப்ரோன் பற்றி அறிய விரும்புவோர் வேருக்குள் இறங்குவதற்கு முன் புழக்கத்தைப் பார்க்கட்டும். ஐரிஷ் பேசும் ஊரில் துக்க வீட்டுக்குப் போகிறவர், கையைப் பிடித்து வழக்கமாகச் சொல்லும் வாசகத்தின் நேர்ப்பொருள் 'உங்கள் இடர் எனக்குப் பிடிக்கவில்லை' என்பது. அதில் இடரைக் குறிக்கும் 'த்ரிபலோய்த்' இலத்தீன் மூலத்திலிருந்து வந்த கடன்சொல். ப்ரோன் அதில் இல்லை.