பல்லிகளோடு சிரித்தவள்

பழமொழித் தொகுப்புகளை மதிப்பிடுவோர், அவற்றில் எத்தனை பழமொழிகள் அடங்கியுள்ளன என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். நாம் இங்கே வேறோர் அளவுகோலைக் கையாள விழைகிறோம். பாட்டி சொன்னதில் பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கும் பேரன் அந்நூலைத் திறந்தால், அவனுக்கு வழி கிடைக்குமா? இவ்வினாவை யிட்டிஷ் மொழியைப் பற்றிய நூல்கள் மூன்றின் முன் வைத்துப் பார்ப்போம்.

யிட்டிஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழி. அதன் எலும்புக்கூடு ஜெர்மானியம். வழிபாடும் மறைநூலும் தந்த எபிரேய, அரமேயச் சொற்களும், அண்டை மக்களிடமிருந்து வந்த சிலாவியச் சொற்களும் அதன் தசையும் குருதியுமாயின. எழுதுவது எபிரேய எழுத்தில். 1939க்கு முன் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பேர் அதைப் பேசினர். நாசிகள் கொன்றழித்த 60 இலட்சம் யூதருள் மிகப் பெரும்பாலோர் இம்மொழியினரே. முன்னரே அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர் இல்லங்களிலோ, பிள்ளைகளுக்குப் புரியக்கூடாதவற்றைப் பெரியவர்கள் பேசிக்கொள்ளும் மறைமொழியாக அது சுருங்கிற்று. புரூக்ளினில் ஹசிதிய யூதர்களின் குழந்தைகள் இன்றும் அதில் விளையாடுகிறார்கள். ஆகவே மொழி மாண்டுவிடவில்லை. நம் பேரனின் வீட்டில் மட்டும் மாண்டது.

செவிவழி நினைவு எத்தகைய புதிர்களை விளைவிக்கும் என்பதற்குச் சான்று ஒன்று. அமெரிக்க யூதக் குடும்பங்களில் 'கினஹோரா' என்ற ஒற்றைச் சொல் வழங்குகிறது. குழந்தையைப் புகழ்ந்த கையோடு, முதியவரின் வயதைச் சொன்ன கையோடு, அதையும் சொல்வார்கள். உண்மையில் அது மூன்று சொற்கள்: 'இல்லை' எனப் பொருள்படும் ஜெர்மானிய 'கேய்ன்', கண்ணைக் குறிக்கும் எபிரேய 'அயின்', தீமையைக் குறிக்கும் எபிரேய 'ஹோரெ'. 'கண் படாதிருக்கட்டும்' என்று நம் பாட்டிமார் சொல்வதுதான். ஆனால் ஒலியை மட்டும் பற்றிக்கொண்டு அகராதியைப் புரட்டுபவன் அதைக் காணமாட்டான். எபிரேயச் சொற்கள் யிட்டிஷிலும் தம் பழைய எழுத்துக்கூட்டலையே பேணுகின்றன. 'அயின்' தொடங்குவதோ ஒலிக்காத ஓர் எழுத்தில். வட்டார வேறுபாடு வேறு. 'நல்ல' என்பது லித்துவேனியாவில் 'குட்', போலந்தில் 'கிட்'. பாட்டி எவ்வூரினள் என்று கேட்ட பின்னரே அகராதியைத் தொடவேண்டும்.

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பாட்டி அடிக்கடி கூறியதில் 'லாக்ட்' என்ற ஒலியும், பின்னே 'யாஷ்' என ஏதோ ஒன்றும் பேரன் காதில் தங்கியுள்ளன. 'லாக்ட்' என்றால் 'சிரிக்கிறாள்' அல்லது 'சிரிக்கிறார்'. கேட்டவர் அனைவரும் உடனே விடை பகர்வர்: 'மென்ஷ் டிராக்ட், காட் லாக்ட்', மனிதன் எண்ணமிடுகிறான், கடவுள் சிரிக்கிறார். புகழ்பெற்ற பழமொழி. நம்மிடம் 'தான் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும்' என்றிருப்பதன் உறவினன். நம் தெய்வம் நினைப்பதோடு நிற்க, அவர்களுடையது சிரித்தும் விடுகிறது. பேரன் மகிழ்வான். சட்டமிட்டுச் சுவரில் மாட்டவும் கூடும். 'யாஷ்' என்னவாயிற்று? நினைவுப் பிழை என்று தள்ளிவிடுவார்கள்.

நாம் தள்ளமாட்டோம். விவிலியக் கையெழுத்துப் படிகளை ஒப்பிடும் அறிஞரிடையே ஒரு நெறி உண்டு: இரு பாடங்களுள் கடினமானதே பெரும்பாலும் மூலத்துக்கு அணுக்கமானது. படியெடுப்பவர் கடினத்தை எளிதாக்குவார். எளிதைக் கடினமாக்குவது அரிது. 'யாஷ்' அத்தகைய கடினப் பாடம். 'லாக்ன் மிட் யாஷ்செர்க்கெஸ்' என்றொரு வழக்கு யிட்டிஷில் உண்டு. நேர்ப்பொருள் 'பல்லிகளோடு சிரித்தல்'. கருத்தோ, உள்ளே வலிக்க வெளியே சிரிப்பது. (பல்லி என்றதும் நம் மனம் சகுனத்துக்குத் தாவும். அதை அங்கே ஏற்றிவிடலாகாது.) கடவுளின் சிரிப்பு எங்கே, இப்பெண்ணின் கசந்த சிரிப்பு எங்கே! அழகான பழமொழியைப் பரிசளித்தவர்கள், தம்மை அறியாமலே பாட்டியை அப்புறப்படுத்திவிட்டார்கள்.

இனி நூல்களுக்கு வருவோம். இக்னாஸ் பெர்ன்ஸ்டைன் 1908இல் வார்சாவில் வெளியிட்ட தொகுப்பில் ஏறத்தாழ 4000 பழமொழிகளும் வழக்குகளும் உள்ளன. எபிரேய எழுத்திலும் இலத்தீன் எழுத்திலும் அவை அச்சாகியுள்ளன. பேரழிவுக்கு முன்னரே இத்தனையும் பதிவாகியிருப்பது பெரும்பேறு. எனினும் தலைச்சொல் கைவசம் உள்ளவனுக்கே அது கதவு திறக்கும். லியோ ராஸ்டன் 1968இல் ஆங்கிலத்தில் எழுதிய 'யிட்டிஷின் இன்பங்கள்' ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நகைச்சுவைக் கதை சொல்கிறது. பலரை அம்மொழியின் வாசலுக்கு மீட்டழைத்த நூல் அது என்பதை மறுப்பதற்கில்லை. நாமும் வாய்விட்டுச் சிரித்தோம். ஆயினும் மூடி வைக்கும்போது, சிரிக்கவைப்பதற்கென்றே பிறந்த மொழி இது என்ற எண்ணம் எஞ்சுகிறது. துயரத்திலும் கணக்கு வழக்கிலும் புழங்கிய மொழி மறைந்துபோகிறது.

நஹூம் ஸ்டுட்ச்கோவ் தொகுத்து 1950இல் நியூயார்க்கில் வெளியான 'யிட்டிஷ் மொழிக் கருவூலம்' ஒன்றே நம் அளவுகோலுக்கு ஈடுகொடுக்கிறது. வானொலி நாடகங்கள் எழுதிய அவர், சொற்களை அகரவரிசையில் அடுக்காமல் பொருள்வாரியாகப் பகுத்தார். பேச்சு எப்போது, எதற்காகப் பிறக்கிறது என்பதை நாடகக்காரர் அறிவாரன்றோ! ஒலியை இழந்தவன் சூழ்நிலையின் வழியே உள்ளே நுழையலாம். ஆனால் நூல் முழுவதும் யிட்டிஷிலேயே உள்ளது. வழி அறியாதவனுக்கென்றே அமைந்தது போன்ற அந்நூலை, அவன் தனியே படிக்க இயலாது.

எனவே மொழி தெரிந்த ஒருவர் பேரனுக்கு அருகே அமரவேண்டும். அவர் முதலில் கேட்கவேண்டியது 'என்ன சொன்னாள்' என்பதன்று. 'எப்போது சொன்னாள்' என்பதே. அவன் சிறிது யோசித்து, போருக்குப்பின் பழைய ஊருக்கு எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்த நாள்களில் என்று சொல்லக்கூடும்.